எழுத்துக்கு எட்டு எஸ்குடோ

பெயர்ப்பலகை எழுதும் கவுடென்சியோ
எழுத்துக்கு எட்டு எஸ்குடோ கேட்டான்.
பித்தளையில் வெட்டித் தருவதென்றால் பன்னிரண்டு.
மூன்று பேரின் முழுப்பெயரும் போட்டால்
பட்டறையை விற்றுத்தான் பலகை மாட்ட வேண்டும் என்று
நோர்பெர்ட்டோ சிரித்தார்.
சிரிப்பு பாதி, கணக்கு பாதி.

போர்ட்டோ நகரம். மழை. 1937.
தராசு செய்யும் கம்பெனிக்கு ஒரு பெயர் வேண்டும்.

உலையும் வார்ப்பும் அவருடையவை.
எடுத்துக்கொண்டது மூன்று எழுத்து, நோர்.
முள்ளை நடுவில் நிற்கப் பழக்கியவன் அன்செல்மோ,
அவனுக்கு இரண்டு, அன்.
முதல் போட்டது மனைவி ஸுல்மீரா.
டூரோ ஆற்றுச் சரிவில் அவள் பங்குக்கு வந்த
திராட்சைத் தோட்டம்
அந்த மாசிதான் கைமாறியிருந்தது.
"உனக்கு ஒன்று போதுமே" என்றார்.
போதும் என்றாள்.
பித்தளையே இருக்கட்டும் என்றும் சொன்னாள்.
ஆறு பன்னிரண்டு எழுபத்திரண்டு,
பையைத் திறந்து எண்ணி வைத்ததும் அவள்தான்.

நோர். ஸ். அன்.

பன்னிரண்டு வருஷம்
மீன்சந்தையில், மருந்துக்கடையில், தபால் நிலையத்தில்
அந்த ஆறு எழுத்துக்கு மேல்
ஒரு முள் ஆடி ஆடி நின்றது.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை அன்செல்மோ
சாந்தோஸுக்குக் கப்பல் ஏறினான்.
ஏன் என்று யாரும் எழுதி வைக்கவில்லை.
அன்று மாலையே நோர்பெர்ட்டோ ஏணி கேட்டார்.
கடைசி இரண்டு எழுத்தையும்
தன் கையாலேயே நெம்பி எடுத்தார்.
மிச்சம் இருந்ததைப் படித்தால் தும்மல் மாதிரி இருந்தது.
வியாபாரிகள் புதுத் தராசுகளைத் திருப்பி அனுப்பினார்கள்,
போலி என்று.
பதினோரு மாதம் பொறுத்தார்.
பிடிவாதத்துக்கும் ஒரு எடை உண்டு,
வங்கிக்காரன் அதைச் சரியாகச் சொன்னான்.

மறுபடி கவுடென்சியோ. இப்போது எழுத்துக்கு இருபது.
இந்த முறை ஸுல்மீரா தனியாகப் போய்
இரண்டு எழுத்து வாங்கி வந்தாள்,
காகிதத்தில் சுற்றி,
ரொட்டி வாங்கி வருவதுபோல.

ஐம்பதாம் ஆண்டுக்கு ஒரு கையேடு அச்சானது.
லிஸ்பனிலிருந்து வந்த விளம்பரப் பையன் எழுதியது.
நோர் என்றால் வடக்காம்.
ஸன் என்றால் நேர்மையாம், ஏதோ பழைய மொழியில்.
எந்த மொழி என்று அவனும் சொல்லவில்லை,
விருந்தில் யாரும் கேட்கவுமில்லை.
எழுபத்தாறு வயது ஸுல்மீரா
கருவாட்டு வடையில் முள் பொறுக்கிக்கொண்டே
"அப்படியா" என்றாள்.

இதை நான் தமிழில் எழுதிப் பார்க்கிறேன்.
நோர்ஸன்.
ஆறு நாலாகிவிட்டது.
கவுடென்சியோவுக்கு நஷ்டம்.
அவள் எழுத்தின் ஒலி எங்களிடம் இல்லை,
கிரந்தத்தில் கடன் வாங்கியிருக்கிறேன்.
அவர்கள் பலகையில் அது
தனியாக, இரண்டு பக்கமும் இடைவெளி விட்டு,
ஆணி அடித்து நிற்கிறது.
இங்கே அப்படி நிற்க முடியவில்லை.
அவளுடைய ஸ் மேல்
அவனுடைய அ வந்து ஏறிவிடுகிறது.
ஏறிய தடம் எதுவும் கிடையாது,
ஒரு கால், ஒரு கொம்பு, ஒன்றும் இல்லை.
தலையில் இருந்த புள்ளி மட்டும் காணாமல் போகிறது.
அவனை நெம்பி எடுத்த பதினோரு மாதத்தை
எழுதினால் மட்டும்
புள்ளி திரும்ப வருகிறது.

இது சாட்சி ஆகாது. இலக்கணம், அவ்வளவுதான்.
நானும் யாரிடமும் சொல்லப் போவதில்லை.

மட்டோசின்யோஸ் சந்தையில் இன்றைக்கும்
"நோர்ஸன் போடு" என்றால் நிறுத்துப் போடு என்று பொருள்.
மத்தி விற்கும் லியோகாடியாவைக் கேட்டேன்,
யார் அது நோர்ஸன் என்று.
ஈரக்கையை முன்றானைத் துணியில் துடைத்தபடி சொன்னாள்:
யாரோ ஒரு புனிதர்.
கல்யாணம் ஆகாமலேயே செத்தவராம்.